அம்மம்மாவின் சுருட்டும் பதஞ்சலியும்

அந்தப் புத்தகத்தை முன்னாலிருந்து நானும் பின்னாலிருந்து அம்மம்மாவும் தொடங்கினோம். நான் வாசித்தேன், அவர் சுருட்டுப் பற்றவைத்தார்.

1970களில் இந்தியச் சஞ்சிகைகள் இறக்குமதியாவதற்குக் கட்டுப்பாடு வந்த கையோடு, வீரகேசரி பிரசுரமாக எங்கள் நாட்டு நாவல்கள் வரிசையாக வரத் தொடங்கின. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வந்தது. அதில் ஒரு பிரதி, சில வருசம் கைமாறிக் கைமாறி, முல்லைத்தீவுக்குப் போய்வந்த மாமாவின் பையிலிருந்து நாயாற்றில் எங்கள் வீட்டுச் செத்தைக்குள் வந்து செருகிக்கொண்டது.

அதுவரைக்கும் நான் அம்புலிமாமாக்காரன். கதையில் வருகிற ஊரென்றால் உச்சயினி மாதிரி, பஸ் போகாத ஊராகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். ‘நிலக்கிளி’யைத் திறந்தால் தண்ணிமுறிப்பு! குமுழமுனைக்கு அங்கால், எங்களுக்குத் தயிர் வருகிற ஊர். தயிர் வருகிற ஊரிலிருந்து கதையும் வரும் என்று யார் கண்டது?

ஊர் உண்மையென்றால் ஆட்களும் உண்மைதானே. அடுத்தமுறை தயிர்க்காரர் வந்தபோது மெல்லக் கேட்டேன்.

“அண்ணை, உங்கட ஊரில பதஞ்சலியைத் தெரியுமோ?”

“எந்தப் பதஞ்சலி? ஆற்ற மகள்?”

“கதிராமன்ர பெஞ்சாதி.”

அவர் முட்டியை இறக்கி வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தார். “அவையள் இப்ப அங்கால இல்லைப் போல கிடக்கு” என்றார்.

அதோடு எனக்குச் சந்தேகமே இல்லை.

“உது பெரியாக்கள் வாசிக்கிற கதை, தொட்டியெண்டால் கை முறியும்” என்று மாமா சொல்லியிருந்தார். ஆகவே அவர் கரைவலைக்குப் போகிற விடியற்காலைகளில் மட்டும் நாலைந்து பக்கம். ஒருநாள் பார்த்தால் புத்தகம் கொஞ்சம் மெலிந்திருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். மூன்றாம் நாள் கள்ளரைக் கையோடு பிடித்தேன். அம்மம்மா குப்பிவிளக்கடியில் குந்தியிருந்து, கடைசித் தாளைக் கிழித்துத் திரித்து, சுருட்டுக்கு நெருப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

“என்னணை, கதையைக் கிழிக்கிறியள்!”

“நீ வாசிக்கிறாய் எண்டுதானே மோனை முன்பக்கம் தொடாமல் பின்னால கிழிக்கிறன்.”

இவ்வளவு கரிசனைக்கு யார் மறுமொழி சொல்வது? மாமாவிடம் முறையிடவும் வழியில்லை; எனக்குப் புத்தகம் விலக்கு, இருமலுக்கு மருந்து கொடுத்த பரியாரியார் அம்மம்மாவுக்குச் சுருட்டை விலக்கியிருந்தார். ஆளுக்காள் காட்டிக்கொடுக்காமல் போட்டி தொடங்கியது. நான் வாசிப்பைக் கூட்டினேன். மழைக்குளிர் வந்தது, அவர் சுருட்டைக் கூட்டினார். கதிராமனும் பதஞ்சலியும் காட்டுக்குள் தனிக்குடித்தனம் நடத்துகிற இடத்தில், ஒரு விடியற்காலை, நாங்கள் இரண்டுபேரும் சந்தித்துக்கொண்டோம். அதற்குப் பிறகு அட்டைதான்.

மிஞ்சிய பாதியும் 1984 மார்கழியில் நாங்கள் ஊரைவிட்டு எழும்பினபோது செத்தையோடு நின்றுவிட்டது.

முடிவில்லாத கதையை எத்தனை நாளைக்குச் சுமப்பது? நானே ஒன்று செய்துவைத்தேன்: இரண்டுபேரும் நாயாற்றுக்கு வந்து வாடி போட்டு, இறால் விற்று, கல்வீடு கட்டி, ஏழு பிள்ளைகளோடு சீவித்தார்கள். கலியாணமான புதிதில் மனிசிக்கு இதைத்தான் சொன்னேன், பாலமனோகரன் எழுதியதாகவே. அவளுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. எங்கள் மூத்தவள் பெயர் பதஞ்சலி.

போனமாதம் மருமகன் என் கைபேசியில் நூலகம் இணையத்தளத்தைத் திறந்துவைத்து, “மாமா, உங்கட ‘நிலக்கிளி’ இதில கிடக்கு” என்றான். 2005இலிருந்து நம்மவர்கள் சேர்த்துவருகிற களஞ்சியம் அது. இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டோம்; நாயாற்றுப் பாலத்தடியில் சிக்னல் கொஞ்சம் நன்றாக வரும். அங்கே போயிருந்து, அம்மம்மாவைப் போலவே, கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

அதில் வாடியும் இல்லை, இறாலும் இல்லை, கல்வீடும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மனிசி கேட்டாள்: “என்னப்பா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?”

“கடற்காத்து” என்றேன். “அந்தப் போனை இஞ்ச தாங்கோ, நானும் ஒருக்கா வாசிக்க வேணும்” என்கிறாள். சார்ஜ் இல்லையென்று சொல்லிச் சொல்லி இன்றோடு பதினொரு நாள்.