கணக்கு சேர்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் காலை பஸ்ஸில் மடிப்புக் கலையாத சட்டையும் மடியில் குடையுமாக, கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டு ஒருவர் வருவார். மந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள், கூட்டல் கழித்தல். எங்கள் தோட்டப் பாடசாலையின் கணக்கு சேர் அவர்தான். வகுப்பில் அவர் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. வீட்டில் ஒருநாளும் சரிவந்ததில்லை.

2015இல் ஆசிரிய உதவியாளராகச் சேர்ந்தபோது கொடுப்பனவு மாதம் 6,000 ரூபாய். பிறகுதான் 10,000 ஆனது. நியமனக் கடிதம் வந்த அன்று, "நம்ம பய கவர்மெண்டு வேலைக்குப் போயிட்டான்!" என்று லயமே வெடி கொளுத்தியது. வெடிக் காசு கடைக் கொப்பியில் சேரின் பெயரில் ஏறியது. அந்தக் கொப்பியை இன்றுவரை மூட முடியவில்லை.

இப்போது நிரந்தர ஆசிரியர். 2024இல் வாழ்க்கைச் செலவுப் படி 7,800இலிருந்து 17,800 ஆனது. படி ஏறியது உண்மைதான். ஆனால் மாவும் சீனியும் 2022இலேயே மாடிக்குப் போய்விட்டிருந்தன. சம்பளத் துண்டில் இடர் கடன், பண்டிகை முற்பணம் என்று கழித்துக்கொண்டே போவார்கள். விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்குப் பிடித்ததைக் காட்டி, "நான் இருந்தா செலவு, போனா வரவு" என்பார். மனைவி அகப்பையை எடுப்பார்.

சேரின் அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி, சேருக்கு 20ஆம் திகதி. இடைப்பட்ட பத்து நாளும் அரசாங்க உத்தியோகத்தர் அம்மாவின் கூடையில்தான் வண்டி ஓட்டுகிறார்.

ஊருக்கு இதெல்லாம் தெரியாது. திருவிழா நன்கொடைச் சீட்டு மற்ற வீடுகளுக்கு 1,000 என்றால், "சேருக்கு 5,000 போடுங்க" என்பார்கள். மொய்யும் அதே கணக்குதான். எவர் வங்கிக் கடனுக்குப் போனாலும் பிணைக்கு அரசாங்க உத்தியோகத்தரின் கையெழுத்தைத்தான் தேடுவார்கள். லயத்தில் அந்தக் கை இவருக்கு மட்டுமே இருக்கிறது. தன் கடனுக்குத் தவணை தேடுகிறவர், ஊர்க் கடனுக்கெல்லாம் ஜாமீன்!

2021இல் சம்பள முரண்பாட்டுக்காக நாடு முழுக்க ஆசிரியர்கள் ஒன்லைன் வகுப்பை நிறுத்தினார்கள். சேரும் நிறுத்தினார். "கோரிக்கை கெடைக்குதோ இல்லயோ, டேட்டா காசு மிச்சம்" என்றார். சிக்னல் தேடி மலையேறும் வேலையும் மிச்சம்.

போன வாரம் அவர் வகுப்பு வாசலைக் கடந்து போனேன். கரும்பலகையில் 52 கழித்தல் 37.

"ரெண்டுலயிருந்து ஏழு போகாது. என்ன செய்யணும்?"

"பக்கத்து வீட்டுல கடன் வாங்கணும், சேர்!" வகுப்பே கத்தியது.

பின்வாங்கிலிருந்து ஒரு பொடியன் எழுந்தான். "திருப்பிக் குடுக்கணுமா, சேர்?"

சேர் வெண்கட்டியைக் கீழே வைத்தார்.

"இந்தக் கணக்குல குடுக்கத் தேவயில்லடா. அதனாலதான் எனக்குக் கணக்குப் பாடம்னா உசுரு."