ஓரி நாட்டில் ஓசி விருந்து

கொல்லிமலையில் லாட்ஜ் நடத்துகிறவனுக்கு இரண்டு வகை விருந்தினர்கள். காசு கொடுத்துவிட்டுக் குறை சொல்கிறவர்கள். காசே கொடுக்காமல் அறிவுரை சொல்கிறவர்கள்.

முதல் வகையைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, பாதியில் வாந்தியெடுத்து, இயற்கையை ரசிக்க வந்து சேர்வார்கள். வந்ததும் கேட்பது வைஃபை பாஸ்வேர்டு. மார்கழிக் குளிரில் "ஏ.சி. இல்லையா?" என்று சண்டை. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி ஏறிய ஒருவர், "ஒரு லிஃப்ட் வைக்கக் கூடாதா?" என்று என்னைக் கேட்டார். கேட்கட்டும். காசு கொடுத்தவர்.

இரண்டாம் வகை, சைரன் விளக்கு கழற்றிய பொலிரோவில் வரும். 'ஆய்வு' என்று பெயர். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். ஒன்றைச் சொன்னால் மற்றவை கோபித்துக்கொள்ளும். ஆய்வு வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் முடியும். ஆய்வுப் பொருள் நாட்டுக்கோழி. குழம்பில் மலை மிளகு தூக்கலாக இருக்க வேண்டும். போகும்போது அதே மிளகு ஒரு கிலோ, பொட்டலமாக வண்டியில் ஏறும். "நல்லா காரமா இருக்கு தம்பி" என்பார்கள். அதுதான் விலை.

வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். சட்டம். மழை பிடித்தால் சிக்னல் கிடையாது. அதற்குச் சட்டம் இல்லை. ஒரு ஜெர்மன்காரரின் பாஸ்போர்ட் நகலோடு பைக்கில் மலையிறங்கி, ஏற்றிவிட்டுத் திரும்பினால், ஆள் முள்ளுக்குறிச்சிப் பாதையில் இறங்கிப் போய்விட்டிருந்தார். அரசாங்கத்துக்கு அவர் இன்னும் என் லாட்ஜில்தான் இருக்கிறார்.

வரிக்கு மட்டும் சிக்னல் தேவையில்லை. ஆயிரம் ரூபாய் வரையிலான அறைக்கு ஜி.எஸ்.டி. இல்லாமல் இருந்தது. 2022 ஜூலை 18-ல் அது 12 சதவீதமானது. 2025 செப்டம்பர் 22-ல் 5 சதவீதம். பூஜ்யத்தை 12 ஆக்கி, 12-ஐ 5 ஆக்கி, அதற்குத் தீபாவளிப் பரிசு என்று பெயர் வைத்தார்கள். பாக்கெட்டில் கைவிட்டவன் சில்லறையைத் திருப்பிக் கொடுத்தால் நாம் பட்டாசு வெடிக்க வேண்டும்.

என் மொட்டை மாடியில் ஒரு முறை 'நெகிழி இல்லா மலை' கருத்தரங்கு நடந்தது. பேனர் ஃபிளெக்ஸ். தேநீர் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பில். 2019-லிருந்து தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் அதுவும் ஒன்று. பேசியவர் தொண்டையை நனைத்துக்கொண்டது அதில்தான். கூட்டம் கலைந்ததும் கப்புகள் பள்ளத்துக்குள் பறந்தன. பேனரை எங்கள் பையன் கோழிக்கூண்டுக்குக் கூரையாக்கினான். அன்றைய கருத்தரங்கில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

ஆடி பிறந்தால் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஓரி. அவன் தன் பொருளைக் கொடுத்து வள்ளலானான். விழாவுக்கு வந்தவர்கள் என் அறைகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வள்ளலானார்கள். முன்பணம் கட்டியிருந்த குடும்பத்திடம் போனில் மன்னிப்புக் கேட்டது நான். பெரியவர் ஒருவர் வருகிறார் என்றதும் சாலைப் பள்ளங்கள் ஒரே இரவில் மூடின. விழா நடந்த நாட்களில் மின்சாரம் கண் சிமிட்டவில்லை. ஆக, முடிகிறது. வருஷம் முழுக்க எங்களிடம் முடியாது என்றது பொய். அதற்கு முந்தைய மாதம் பிரசவ வலியெடுத்த பெண்ணை ஜீப்பில் ஏற்றி, ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் அலற அலற இறக்கியதும் இதே சாலையில்தான். அவளுக்குத் தார் இல்லை. பெரியவரின் காருக்கு இருந்தது.

விழா முடிந்த காலை. மூன்று அறையில் தங்கி, நான்கு வேளை சாப்பிட்ட அதிகாரி கவுன்டருக்கு வந்தார். பர்ஸை எடுக்கவில்லை. பில் கேட்டார். பயணப்படி வாங்க வேண்டுமாம். அறை எண்ணை எழுதச் சொன்னார். தொகையை மட்டும் காலியாக விடச் சொன்னார். தானே நிரப்பிக்கொள்வாராம், எனக்கு எதற்குச் சிரமம்! நான் பேசாமல் சீல் குத்தி நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"ஜி.எஸ்.டி. நம்பர் விட்டுப்போச்சே தம்பி. போட்டுக் கொடுங்க. எல்லாம் சட்டப்படி இருக்கணும்."