கொக்கியை எண்ணிய அரசு

கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கின்றன. மாவிலை, சந்தனம், குங்குமம். அமைச்சர் சாவி கொடுக்கிறார். ஆளுயரச் சாவி, அட்டையில் வெட்டி, மேலே வெள்ளித்தாள் ஒட்டியது. விவசாயி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார். மானியம் 40 சதவீதம். சிறு, குறு விவசாயி, பெண்கள், பட்டியல் இனத்தவர் என்றால் 50 சதவீதம். உச்சவரம்பு உண்டு, அது விளம்பரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. அந்தப் படத்தை இன்னொரு தடவை பாருங்கள். டிராக்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிராக்டருக்கு ஒரு இலக்கணம் சொல்கிறது: தன்மேல் சுமை ஏற்றுவதற்காகக் கட்டப்படாத வண்டி. சட்டமே ஒப்புக்கொள்கிறது. இழுக்கிற பாதியை மேடை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஏற்றுகிற பாதியை வாங்கியவரே தேடிக்கொள்ள வேண்டும். அறுப்பு முடிந்தாயிற்று. வானம் கறுத்திருக்கிறது. கொள்முதல் நிலையம் அடுத்த ஊரில். மூட்டையை எங்கே வைப்பது? டிரைவர் மடியிலா? அட்டைச் சாவியின் மேலா?

தமிழ்நாட்டு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொன்னது. இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த ஆள் பழைய டிராக்டரையோ பவர் டில்லரையோ கைமாற்றாக வாங்கியிருப்பார். அவருக்கு வேண்டியது ஒரு டிரெய்லர். இரும்புப் பெட்டி, அடியில் ஆக்சில், இரண்டு சக்கரம், முன்னால் கொக்கி. எஞ்சின் கிடையாது. கியர் கிடையாது. ஸ்டியரிங் கிடையாது. கம்பெனி டிரெய்லர் விலை கேட்டால் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று பேச்சைத் தொடங்குகிறார்கள். ஹைட்ராலிக் ஜாக்கி வைத்த டிப்பர் என்றால் அதற்கு மேல். தானாக ஓடாத ஒரு பொருளின் விலை இது.

ஆகவே அவர் பட்டறைக்குப் போகிறார். எல்லா ஊர் பைபாஸ் ஓரத்திலும் ஒரு பட்டறை உண்டு. அங்கே நடக்கிற ஆலோசனை இவ்வளவுதான்.

“எத்தனை அடிண்ணே?”

“பத்துக்கு ஆறு போடு.”

“எவ்வளவு ஏத்துவீங்க?”

“ஏத்துற வரைக்கும்தான்.”

வெல்டர் சாக்பீஸால் சிமெண்ட் தரையில் ஒரு கோடு இழுக்கிறார். வரைபடம் தயார். சேனல் வெட்டுகிறார்கள், ஆங்கிள் வைக்கிறார்கள், தகடு அடிக்கிறார்கள். புது ஆக்சில் கட்டுப்படி ஆகாது. காயலான் கடையில் செத்த லாரியின் ஆக்சில் கிடைக்கிறது. டயர் ரீட்ரெட். பிரேக்? “பிரேக் எதுக்குண்ணே, டிராக்டர்லதான் இருக்கே!”

வெல்டரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஆக்சிலைப் பெட்டிக்கு நட்ட நடுவில் வைக்கக் கூடாது, ஒரு சாண் பின்னுக்குத் தள்ள வேண்டும், அப்போதுதான் சுமையில் ஒரு பங்கு கொக்கியில் அமரும் என்று அவருக்குத் தெரியும். பின்னால் பாரம் கூடினால் கொக்கி மேலே எழும்பும், டிராக்டரின் பின்சக்கரம் பிடிமானம் இழந்து வழுக்கும் என்றும் தெரியும். எந்தக் கல்லூரியும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. எந்தக் கல்லூரியும் அவரிடம் வந்து கேட்கவும் இல்லை. அவருக்குத் தெரியாதது ஒன்றுதான். இறக்கத்தில் நாலு டன் நெல் பின்னாலிருந்து தள்ளும்போது, டிராக்டரின் பிரேக்கை மிதித்தால் டிராக்டர்தான் நிற்கப் பார்க்கும், டிரெய்லர் நிற்காது. முன்னால் இருப்பதைக் கோணலாக நெட்டித் தள்ளிக் கவிழ்த்துவிடும். சரி, இது அவருக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். பிரேக்கோடு விலை சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார். அதுவும் அவருக்குத் தெரியும்.

இங்கேதான் அரசு வந்திருக்க வேண்டும். நம்மிடம் வேளாண்மைப் பொறியியல் துறை என்று ஒரு தனித் துறையே இருக்கிறது. கோவையில் வேளாண் பல்கலைக்கழகம், அதற்குள் பொறியியல் கல்லூரி. ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிக்க மத்திய அரசு கட்டிய பெரிய மையம். மூன்று பேரும் கூடி உட்கார்ந்தால் ஒரு தாள் எழுத முடியாதா? ஒரே ஒரு தாள். இத்தனை டன்னுக்கு இந்தச் சேனல். ஆக்சில் இந்த இடத்தில். இந்தப் பிரேக், இந்த விலை, பிரேக்குக்கு மட்டும் மானியம். எந்தப் பட்டறைச் சுவரிலாவது அப்படி ஒரு தாளைப் பார்த்திருக்கிறீர்களா? சுவரில் தொங்குவது வெல்டிங் ராடு கம்பெனியின் காலண்டர். அதில் முருகன் இருக்கிறார். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அவர்தான் பொறுப்பு.

சரி, அரசு ஒன்றுமே செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறது. கொக்கியை எண்ணியிருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் ‘விவசாய டிரெய்லர்’ எது என்று வரையறுக்கின்றன. பொதுவாக மேலே மூடாமல் இருக்க வேண்டும். ஒரு அச்சோ இரண்டு அச்சோ இருக்கலாம். விவசாய டிராக்டரோடு இரண்டு கொக்கிகளால் மாட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டு! எந்த அதிகாரி குனிந்து எண்ணினாரோ, அவர் முதுகு நலமாக இருக்கட்டும். நம் பட்டறைகள் பெரும்பாலும் வைப்பது ஒரு கண், அதில் ஒரு பின்.

அடுத்தது பதிவு. ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 20 விண்ணப்பம். படிவம் 21 விற்பனைச் சான்று. படிவம் 22 சாலைத் தகுதிச் சான்று. அதைத் தயாரிப்பாளர் தர வேண்டும். தயாரிப்பாளர் யார்? சாக்பீஸ் வைத்திருந்தவர். அவரிடம் கையெழுத்து இருக்கிறது, சான்று இல்லை. அப்போதுதான் புளியமரத்தடியிலிருந்து ஒருவர் எழுந்து வருகிறார். புரோக்கர். “பாத்துக்கலாம்ணே.” தமிழ்நாட்டில் எந்த வாகனத்துக்கும் பிரேக்கை விட அத்தியாவசியமான உதிரிபாகம் அவர்.

பதிவு ஆனால் நம்பர் ஒன்றல்ல, இரண்டு. டிரெய்லருக்கு என்று ஒதுக்கிய நம்பர் பக்கவாட்டில். எந்த டிராக்டர் இழுக்கிறதோ அதன் நம்பர் பின்னால். சட்டத்தின் 61-ஆம் பிரிவு. பக்கத்து வயல்காரரின் டிராக்டரை ஒரு நாள் கடன் வாங்கி மாட்டினால் பின்னால் இருக்கிற நம்பரை அழித்து வேறு எழுத வேண்டும். கடன் கொடுத்த டிராக்டரை விடப் பெயிண்ட் டப்பா முக்கியம். பதிவே செய்யாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதிக்கு மாறாக வண்டி செய்து விற்கிற தயாரிப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு வண்டிக்கு ஒரு லட்ச ரூபாய், அல்லது இரண்டும். பட்டறைக்காரர் ஒரு லட்ச ரூபாயை மொத்தமாகப் பார்ப்பது அந்தச் சட்டப்பிரிவில்தான்.

விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனியின் சட்ட அறிவு விழித்துக்கொள்ளும். டிராக்டர் ஓட்டத்தானே லைசென்ஸ், டிரெய்லரை மாட்டிச் சரக்கு ஏற்றிவிட்டால் அது சரக்கு வண்டி ஆயிற்றே, ஆகவே லைசென்ஸ் செல்லாது என்று வாதம் செய்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். டிரெய்லரை மாட்டியதால் மட்டும் டிரைவரின் லைசென்ஸ் செத்துப்போகாது என்று 2001-இல் நீதிபதிகள் சொல்ல வேண்டியிருந்தது. டிராக்டர் எதையும் இழுக்காமல் சும்மா ஓடுவதற்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்று நம்புகிறவர்கள் நம்மிடம் பிரீமியம் வாங்குகிறார்கள்.

வரியை விட்டுவிடக் கூடாது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது விவசாய டிப்பர் டிரெய்லருக்கு 12 சதவீதம் போட்டார்கள். மாட்டு வண்டிக்கும் 12 சதவீதம். ஆமாம், மாட்டு வண்டிக்கு. கைவண்டிக்கும். எட்டு வருடம் யோசித்து, 2025 செப்டம்பரில் 5 ஆக்கினார்கள். பண்டிகைப் பரிசு என்று விளம்பரம் வேறு. ஆனால் பட்டறைக்காரர் வாங்குகிற சேனலுக்கும் தகட்டுக்கும் இன்றும் 18 சதவீதம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத பட்டறைக்கு அந்த வரி திரும்பி வராது. பரிசு கம்பெனிக்கு. பாக்கி பட்டறைக்கு.

சட்டம் கடுமை. சந்தேகமே வேண்டாம். இப்போது உங்கள் ஊர்க் குப்பை டிராக்டருக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு போங்கள். பக்கவாட்டு நம்பரைத் தேடுங்கள். பின்னால் நம்பரைத் தேடுங்கள். சிவப்பு விளக்கைத் தேடுங்கள். கிடைத்தால் அந்த உள்ளாட்சித் தலைவருக்கு மாலை போடுங்கள். அடுத்து ஏதாவது கட்சி மாநாட்டு நாளில் நெடுஞ்சாலைக்கு வாருங்கள். கொடி கட்டிய டிரெய்லரில் நின்றுகொண்டு வருகிறார்கள் குடிமக்கள். வெயில், பிரியாணிப் பொட்டலம், தலைவர் வாழ்க. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்ற சட்டம் அன்றைக்குப் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறது. டிராபிக் போலீஸ்காரர் விசிலடித்து வழிவிடுகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மாற்றல் உத்தரவு வாங்க அவருக்கும் ஆசை இருக்காது.

2022 அக்டோபர் 1. உத்தரப் பிரதேசம், கான்பூர் மாவட்டம். உன்னாவில் சந்திரிகா தேவி கோயிலுக்குப் போய்த் திரும்பிய கூட்டம். டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்தது. 26 பேர் செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பிறகு அரசு அறிவித்தது: டிரெய்லர் விவசாயத்துக்கும் சரக்குக்கும் மட்டும்தான், ஆட்களை ஏற்றாதீர்கள். நல்ல அறிவுரை. பஸ் எங்கே என்று கேட்க அந்த 26 பேரில் ஒருவரும் மிச்சமில்லை.

2024 பிப்ரவரியில் இன்னொரு காட்சி. குறைந்தபட்ச ஆதார விலைக்குச் சட்டம் கேட்டுப் பஞ்சாப் விவசாயிகள் டிராக்டரில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு டெல்லிக்குக் கிளம்பினார்கள். ஹரியானா எல்லையில் கான்கிரீட் கட்டைகள். சாலையில் ஆணிகள். ட்ரோனிலிருந்து கண்ணீர்ப் புகை. மோட்டார் வாகனச் சட்டப்படி டிராக்டர் டிரெய்லரை நெடுஞ்சாலையில் ஓட்டக் கூடாது என்று உயர் நீதிமன்றம் நினைவூட்டியது. நியாயம்தான். ஆனால் அதே டிரெய்லர் கரும்பு ஏற்றிக்கொண்டு அதே மாதிரிச் சாலையில் ஆலைக்குப் போகும்போது அந்தச் சட்டத்துக்கு ஞாபக மறதி. கூட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும்போதும் மறதி. கோரிக்கையை ஏற்றினால் மட்டும் எடை கூடிப்போகிறது போலும்.

மலிவான டிரெய்லர் இந்த நாட்டில் எங்கே கிடைக்கும் என்று இப்போது சொல்கிறேன். உங்கள் தாலுகா ஆபீஸுக்குப் போங்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் போங்கள். மணல் கடத்தியதற்காகப் பிடித்த டிராக்டர்கள், டிப்பர்கள், மாட்டு வண்டிகள். டயர் மண்ணுக்குள் போய்விட்டது. தகட்டின் ஓட்டை வழியாக எருக்கஞ்செடி எட்டிப் பார்க்கிறது. பிடிபட்டது வண்டி. மணல் யார் வீட்டு மாடிக்குப் போனது என்று ஊருக்கே தெரியும். அந்த வீட்டில் எருக்கு முளைக்கவில்லை.

பிடித்த வண்டியை ஸ்டேஷனில் போட்டு அழுக விடுவதில் ஒரு பயனும் இல்லை, பதினைந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் ஒரு முடிவெடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. எப்போது? 2002-இல். கேட்டார்களா? 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவும் அதையே நாள் கணக்கோடு எழுதியிருக்கிறது. நீதிமன்றத்தில் காட்டிய பதினான்கு நாளில் பொருளின் விவரம் எழுத வேண்டும். போட்டோ, வீடியோ எடுக்க வேண்டும். அதன்பின் முப்பது நாளில் விடுவிப்பதா, விற்பதா, அழிப்பதா என்று உத்தரவிட வேண்டும். அழிக்கிற வேலையை மட்டும் உத்தரவுக்குக் காத்திராமல் மழையே செய்துகொண்டிருக்கிறது.

ஒரு நாள் ஏலம் வரும். டிரெய்லர் டிரெய்லராக இருந்த காலம் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். ஆகவே ஏலம் வண்டிக்கு அல்ல, இரும்புக்கு, கிலோ கணக்கில். விவசாயிக்குத் தகவலே தெரியாது. காயலான் கடைக்காரருக்குத் தெரியும். எடுக்கிறார். கேஸ் கட்டிங்கில் தகட்டைத் தனியாக, ஆக்சிலைத் தனியாகப் பிரிக்கிறார். தகடு உருக்காலைக்கு. நல்ல ஆக்சில் பைபாஸ் பட்டறைக்கு. பட்டறையில் பத்துக்கு ஆறு பெட்டிக்கு அடியில் அதை வைத்து வெல்டு அடிக்கிறார்கள். இரண்டு ஏக்கருக்கும் குறைவாக நிலம் வைத்திருக்கிற ஒருவர் கடன் வாங்கி அதை எடுத்துக்கொண்டு நெல் ஏற்றுகிறார். முதல் செக்போஸ்டில் கை நீட்டி நிறுத்துகிறது அரசு. குனிந்து பார்க்கிறது. கேட்கிறது:

“இந்த ஆக்சிலுக்குப் பேப்பர் எங்கே?”