ஒருசாலை மாணாக்கர் சந்திப்பியல்: ஒரு சுருக்க ஆய்வு

ஒருசாலை மாணாக்கர் என்போர் ஓர் ஆசிரியரிடம் உடன் பயின்றோர் ஆவர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கிய பின்னர், இரண்டாண்டுகள் ஒரே பெஞ்சில் அமர்ந்து, ஒரே கணக்கு நோட்டைப் பார்த்தெழுதி, பிளஸ் டூ தேர்வின் கடைசி நாளில் ஒருவர் சட்டையில் மற்றவர் மை தெளித்துப் பிரிந்தோரையும் இவ்வகையில் அடக்குவது பொருந்தும். இத்தகைய இருவர் பல்லாண்டு கழித்துத் திருமண மண்டபத்தில் கைகழுவும் இடத்திலோ பேருந்து நிலையத்திலோ எதிர்ப்பட்டு, இடைப்பட்ட வாழ்க்கையை வினவி அறிய முயல்வதே இங்குச் சந்திப்பு எனப்படும். இது மூன்று நிலைகளை உடையது.

முதலாவது அடையாள நிலை. தலைமுடியும் இடுப்பளவும் சான்றாகும் தகுதியை இழந்துவிட்டமையால் பெயரே துணை; எனினும் வருகைப் பதிவேட்டுப் பெயர் மறைந்து பட்டப்பெயர் மட்டுமே நினைவில் எஞ்சுவதாலும், அதனை எதிர்ப்பட்டவருடைய மனைவி மக்கள் முன்னிலையில் உரைக்க இயலாமையாலும், இந்நிலை பெரும்பாலும் நெடிய புன்னகையாகவே கழிகிறது.

இரண்டாவது ஒருமை பன்மை மயக்க நிலை. பழைய 'நீ' தகுமா, புதிய 'நீங்கள்' வேண்டுமா எனத் தெளியும் வரை இருவரும் வினைமுற்றையே விலக்கி, "இப்ப எங்க?", "வேலை?", "பசங்க?" என்று பேசுவர். யாரேனும் ஒருவர் வாயினின்று 'டேய்' தவறி விழுந்த கணத்தில் இம்மயக்கம் தீர்கிறது.

மூன்றாவது கணக்கொப்படைப்பு நிலை. வேலை, சொந்த வீடு, பிள்ளைகளின் படிப்பு, சர்க்கரை அளவு என்னும் வரிசையில் வினாக்கள் எழ, அனைத்திற்கும் "ஏதோ ஓடுது" என்பதே விடையாகிறது. இவ்விடை, கடன் கேட்பாரோ என அஞ்சிச் செல்வத்தையும், இரங்குவாரோ என அஞ்சி இழப்பையும் ஒருங்கே மறைப்பதால், அரிசி ஆலை உரிமையாளரும் வேலை இழந்தவரும் இதனை ஒரே குரலில் கூறுவர். அதனால்தான், தோழர் பிளஸ் டூ தேர்வில் 1200க்கு எத்தனை மதிப்பெண் பெற்றார் என்பதை இன்றும் ஐயமின்றி அறிந்த நண்பர், இன்று அவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதை அறியாமலே விடைபெறுகிறார்.

ஆயின் சந்திப்பு பயனற்றதெனக் கருதுதல் பிழை. வராத மூன்றாமவர் பற்றிய பேச்சு தொடங்கியதும், அவரது சம்பளம், வீட்டுக்கடன், காதல் தோல்வி, மாமியார் வீட்டுப் பிணக்கு முதலிய யாவும் ஆண்டு வாரியாக வெளிப்படுகின்றன. இதற்கு இலக்கணத்திலேயே இடமுண்டு. நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாது எனக் கூறும் நன்னூல், நூலைச் சிறப்பிக்கும் முன்னுரையாகிய சிறப்புப் பாயிரம் செய்தற்கு உரியோருள் உடன் கற்றவனையும் ஒருவனாக வைக்கிறது. தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரும் அதன் ஆசிரியருடன் பயின்றவர் என்பதே மரபு. தற்கால ஒருசாலை மாணாக்கர் இக்கடமையைத் தவறாது ஆற்றுகின்றனர். பாயிரத்தில் சிறப்பு மட்டும் சற்றுக் குறைந்துள்ளது.

எனவே, பள்ளித் தோழர் ஒருவரின் வாழ்க்கையை முழுமையாக அறிய விழைவோர் அவரை விடுத்து வேறொரு தோழரை அணுகுவதே முறை. தமக்கும் பாயிரம் உண்டு என்பதை உணர்ந்தோர், எந்தச் சந்திப்பிலும் முதலில் எழுந்து செல்லாதிருப்பது நலம்.