சும்மா வந்தவர்களின் ஆடிட்டர்

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? நீங்கதானே சார் பக்கத்துல இருந்தீங்க?"

இருந்தேன். பதினைந்து வருடமாகச் சனி, ஞாயிறு இரவுகளில் அவர் வீட்டுச் சோபாவின் இடது மூலையில்தான் இருக்கிறேன். ஆனால் அவர் 'அன்னிக்கு'ச் சொன்னதாகச் சொல்லும் பெரும்பாலானவற்றை அவர் அன்றைக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. இருந்தாலும் தலையாட்டிவிடுவேன். டிவி அவருடையது, காபியும் அவர் வீட்டுக் காபி. எங்கள் வீட்டு டிவியில் அந்த நேரத்துக்குக் குழந்தைகள் பாட்டுப் போட்டி. கால்பந்து பார்க்க வேறு போக்கிடம் கிடையாது.

ஆடிட்டர் என்பது நான் வைத்த பெயர். அவர் உண்மையில் இன்ஷூரன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். காசு கொடுத்து வாங்கப்பட்ட ஆட்டக்காரர்கள்மேல் அவருக்கு அக்கறை குறைவு. நூறு மில்லியன் கொடுத்தவன் அவன் தலையில் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். ஆனால் ஒப்பந்தம் முடிந்து, பழைய கிளப்புக்கு ஒரு பைசா கிடைக்காமல், புதுக் கிளப்புக்கு 'ஃப்ரீ'யில் வந்த ஆட்டக்காரர் என்றால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். சோப்புத்தூள் பாக்கெட்டோடு இனாமாக வந்த பிளாஸ்டிக் மக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை வந்துவிடும்.

அவருடைய கணக்குப் புத்தகத்தில் இரண்டே விதி. வந்தவன் நன்றாக ஆடினால், "சும்மா கிடைச்ச ஆளு சார்!" சொதப்பினால், "எவ்வளவு சம்பளம் தெரியுமா சார்?" ஒரே மனிதர் ஜெயித்த வாரம் இனாம், தோற்ற வாரம் தண்டச் செலவு. ஃப்ரீ என்றால் அங்கே நிஜமாகவே ஃப்ரீ கிடையாது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. பழைய கிளப்புக்குப் போகவேண்டிய பணம், கையெழுத்துப் போட்டதற்கு ஒரு தொகை, ஏஜென்டுக்குக் கமிஷன், கொழுத்த வாரச் சம்பளம் என்று வேறு வாசல் வழியாகப் போய்விடும். 2019இல் ஆரோன் ராம்சே ஆர்சனலில் இருந்து யுவெண்டஸுக்குச் சும்மா போனபோது, அவருக்குப் பேசிய சம்பளத்தைக் கேட்டு இங்கிலாந்தே வாயைப் பிளந்தது. நாலு வருஷ ஒப்பந்தத்தை மூன்றாவது வருஷமே முடித்து அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் அச்சுப் பிசகாமல் சொல்வார் ஆடிட்டர். ஆனால் ஆட்டம் முடிந்த பிறகுதான் சொல்வார்.

அவருடைய மற்ற பழக்கங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எந்தக் கிளப்பாக இருந்தாலும் "நாம வாங்கினோம்" என்பார். நடுவர் விசில் ஊதுமுன் இவர் "ஃபவுல்" என்று கத்திவிடுவார். அதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்க முடியாதது, என்னைச் சாட்சிக்கு இழுப்பது.

கோல்கீப்பர் ஜான்லூயிஜி டொன்னரும்மா வழக்கை எடுத்துக்கொள்வோம். 2021 ஜூலை. இத்தாலி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. வெம்ப்ளியில் நடந்த இறுதி ஆட்டத்தின் பெனால்டிகளில் டொன்னரும்மா இரண்டைப் பிடித்தார். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அப்போது வயது 22. அந்தச் சூட்டோடு, தன்னைப் பதின்வயதிலேயே களத்தில் இறக்கிய ஏ.சி. மிலானுக்கு ஒரு காசு கிடைக்காமல் பாரிஸ் கிளப்புக்குப் போனார். ஆடிட்டர் தீர்ப்பு: "இதுதான் சார் நூற்றாண்டின் பேரம்." இதற்கு நான் நிஜ சாட்சி. கையில் முறுக்கு இருந்தது.

எட்டு மாதம் கழித்து மாட்ரிட்டில் ஒரு ஆட்டம். காலில் பந்தை வைத்துக்கொண்டு யோசித்த டொன்னரும்மாவை ரியல் மாட்ரிட்டின் கரீம் பென்சமா நெருக்க, பந்து பறிபோய் கோல் ஆனது. அதோடு நிற்காமல் பென்சமா இன்னும் இரண்டு அடித்தார். சாம்பியன்ஸ் லீகிலிருந்து பாரிஸ் வெளியே. ஆடிட்டர் சோபாவில் சாய்ந்தார். "கால்ல பந்து நிக்காது இவனுக்கு. அன்னிக்கே சொன்னேன். நீங்கதானே இருந்தீங்க?" தலையாட்டினேன். அந்த மே மாதம், டொன்னரும்மாவை இழந்த மிலான் பதினோரு வருடத்துக்குப் பிறகு இத்தாலிய லீக்கை வென்றது. அதற்கும் ஒரு 'அன்னிக்கே', அதற்கும் ஒரு தலையாட்டல்.

2025 மார்ச்சில் லிவர்பூல் மைதானத்தில் பெனால்டிகள். இரண்டைப் பிடித்தார் டொன்னரும்மா. மே 31இல் மியூனிக் நகரில் இன்டர் மிலானை 5-0 என்று பாரிஸ் துவைத்து, முதல்முறையாகச் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியது. "நூற்றாண்டின் பேரம்னு அன்னிக்கே சொன்னேன்!" இது மட்டும் உண்மை. ஆனால் நடுவில் அவரே போட்ட அடித்தல் திருத்தல்களை என்ன செய்வது? அதைப் பற்றி யோசித்து முடிப்பதற்குள் ஆகஸ்ட் வந்துவிட்டது. பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே காலால் நன்றாக ஆடுகிற வேறு கோல்கீப்பரைக் கொண்டுவந்து இவரை அணியிலேயே சேர்க்காமல் விட்டார். சும்மா வந்தவரை மான்செஸ்டர் சிட்டிக்கு விற்று பாரிஸ் காசு பார்த்தது. எனக்குப் போன் வந்தது. "கால்ல பந்து நிக்காதுன்னு..."

"சொன்னீங்க சார்" என்றேன், அவர் முடிப்பதற்குள்.

ஒரே ஆள், நாலு வருஷம், நாலு தீர்ப்பு. நாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. நாலிலும் சாட்சி நம்பர் ஒன் அடியேன். கோர்ட்டாக இருந்தால் பொய்ச்சாட்சி சொன்னதற்கு என்னைத்தான் உள்ளே தள்ளுவார்கள்.

வில்லியன் வழக்கின்போது கொரோனா. சோபா கிடையாது, எல்லாம் போனில்தான். 2020 செப்டம்பரில், செல்சியிலிருந்து சும்மா வந்த வில்லியன் ஆர்சனலுக்கு ஆடிய முதல் லீக் ஆட்டத்தில் ஃபுல்ஹாம் அணியைக் கிறுகிறுக்க வைத்தார். அன்று இரவே தீர்ப்பு வந்துவிட்டது, பரமதிருப்தி. அதற்குப் பிறகு அந்தப் பருவம் முழுக்க அவர் அடித்தது ஒரே ஒரு கோல். அதுவும் அடுத்த வருடம் மே மாதத்தில். மூன்று வருட ஒப்பந்தம் ஒரே வருடத்தில் முடிந்தது. "முப்பது தாண்டினவனுக்கு மூணு வருஷமா? அன்னிக்கே சொன்னேன், நீங்கதானே சார் லைன்ல இருந்தீங்க?" பிறகு அதே வில்லியன் அதே ஃபுல்ஹாமுக்கு வந்து நன்றாகவே ஆடினார். அதற்கு என்ன தீர்ப்பு என்று நான் கேட்கவில்லை. ஆறின கஞ்சியை யார் கிளறுவது?

இதற்கெல்லாம் சிகரம் சோல் கேம்பெல். 2001இல் டாட்டன்ஹாம் கேப்டனாக இருந்த மனிதர், ஒப்பந்தம் முடிந்ததும் பரம வைரியான பக்கத்து ஊர்க்காரர் ஆர்சனலுக்குச் சும்மா போய்விட்டார். நம் ஊரில் மாப்பிள்ளை தாலி கட்டுகிற நேரத்தில் எதிர்வீட்டு மண்டபத்தில் ஏறி உட்கார்ந்ததுபோல. லண்டன் பத்திரிகைக்காரர்களுக்கே அது தெரியாது. ரிச்சர்ட் ரைட் என்ற கோல்கீப்பரை அறிமுகப்படுத்தப் போகிறார்கள் என்று நினைத்து நோட்டும் கையுமாகப் போய் உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு கேம்பெல் வந்தார். முதல் பருவத்திலேயே லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டும் ஆர்சனலுக்கு. 2003-04இல் 38 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காமல் லீக்கை வென்ற அணியிலும் அவர் இருந்தார்.

"அவன் அங்கதான் போவான்னு முன்னாடியே சொன்னேன் சார். நீங்கதானே இருந்தீங்க?"

"சார், 2001இல் நான் திருநெல்வேலியில் இருந்தேன். உங்களை எனக்குத் தெரியவே தெரியாது."

"அதனால என்ன? சொன்னது சொன்னதுதானே."

லண்டன் நிருபர்கள் அத்தனை பேருக்கும் தெரியாத சங்கதி நங்கநல்லூரில் ஆடிட்டருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குச் சாட்சி திருநெல்வேலியில்!

எல்லோரும் ஒத்துக்கொள்கிற விஷயங்களில் அவருக்கு ருசி இல்லை. டார்ட்முண்டிலிருந்து 2014இல் பயர்னுக்குச் சும்மா போன லெவன்டோவ்ஸ்கி எட்டுப் பருவத்தில் 375 ஆட்டம், 344 கோல். பிறகு பார்சிலோனாவுக்கு விற்றுக் காசும் பார்த்தார்கள். இதில் ஆடிட் ஆட்சேபணை எழுத ஏது இடம்? ஒரு கொட்டாவியோடு கடந்துவிடுவார். எம்பாப்பே வழக்கு அதற்கு நேர்மாறு. 2024இல் பாரிஸை விட்டு ரியல் மாட்ரிட்டுக்குச் சும்மா வந்தார். முதல் பருவத்திலேயே ஸ்பானிய லீக்கில் 31 கோல். ஆனால் அவர் விட்டுவந்த பாரிஸ் அதே பருவத்தில்தான் ஐரோப்பாவை வென்றது. ஆடிட்டர் மோட்டுவளையைப் பார்த்தார். "மூணு வருஷம் போகட்டும் சார். அவசரப்படக் கூடாது." வழக்கு ஒத்திவைப்பு. அடுத்தவர் புகழ்ந்த ஆளுக்கு மூன்று நிமிஷத்தில் தீர்ப்பு, இவர் புகழ்ந்த ஆளுக்கு மூன்று வருஷ வாய்தா.

ஒரு விஷயத்தில் எனக்கு நிஜமாகவே வருத்தம். 2011இல் மிலான் ஆந்த்ரேயா பிர்லோவை விட்டுவிட்டது. வயது 32. முப்பது தாண்டியவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் தருவதில்லை என்பது அவர்கள் வழக்கம். அவர் யுவெண்டஸுக்குப் போனார். அடுத்த நாலு வருடமும் லீக் யுவெண்டஸுக்குத்தான். "மிலான்காரன் மடையன்" என்று இன்றைக்குச் சொல்ல யாருக்கும் முடியும். ஆனால் அந்த 2011இல் மிலான்தான் சாம்பியன், அதுவும் பிர்லோ பாதிப் பருவம் காயத்தில் உட்கார்ந்திருந்தபோது. அன்றைக்குக் கையில் இருந்த காகிதத்தை வைத்து முடிவெடுத்தார்கள். அவர்களுக்கு 2015ஆம் வருடத்துப் பேப்பர் வரவில்லை. ஆடிட்டருக்கு மட்டும் எல்லா வருடத்துப் பேப்பரும் முன்கூட்டியே வந்துவிடுகிறது, ஆனால் மறுநாள் காலையில்தான் படிக்கிறார்.

அப்புறம், பால் போக்பா. 2012இல் மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து யுவெண்டஸுக்குச் சும்மா போனார். 2016இல் அதே யுனைடெட் 89 மில்லியன் பவுண்டு, அன்றைய உலக சாதனை விலை, கொடுத்துத் திரும்ப வாங்கியது. 2022இல் மறுபடியும் சும்மா யுவெண்டஸுக்கே அனுப்பியது. பரணில் போட்ட அண்டாவை எடைக்குப் போட்டுவிட்டு, அதையே கடையில் புதுவிலைக்கு வாங்கி, மறுபடி எடைக்குப் போட்ட குடும்பம்போல. இதை ஆடிட்டர் சொல்லும்போது நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

ஆனால் இரண்டாம் முறை போன உடனேயே போக்பாவின் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. உலகக் கோப்பை போயிற்று. மாதக்கணக்கில் ஆட்டமே இல்லை. 2023 மே மாதம், கிரெமோனேசே அணிக்கு எதிராக, அந்தப் பருவத்தில் முதல்முறையாக ஆட்டத் தொடக்கத்திலேயே களத்தில் இருந்தார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆடிட்டர் முறுக்கைக் கடித்தபடி, "சும்மா வந்தாலும் நஷ்டக் கணக்குதான்" என்றார்.

எனக்கு வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அழுகிற மனிதனைக் காட்டுகிற நேரத்தில் எதற்கு ஐயா வரவு செலவு? முப்பது வயது மனிதன் தன் கால் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று உட்கார்ந்திருக்கிறான். உங்கள் மூட்டுவலிக்கு வருடக்கணக்காக எத்தனை டாக்டர்? அதை யாராவது ஒரு படிக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தார்களா? இதையெல்லாம் வாய்விட்டே சொன்னேன். காபியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை போகவில்லை. அதற்கடுத்த வாரம் அவரே கீழே இறங்கி வந்தார். மாடிப்படியில் மூச்சு வாங்கியது.

"பாவம் சார் அந்தப் பையன். அன்னிக்கே சொன்னேன்ல? நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க?"

என்ன செய்ய? தலையாட்டினேன். மேலே போய் காபி குடித்தேன்.

கடைசியாக ஒன்று. 2015 ஜூன், தெருமுனை டீக்கடை. ஜேம்ஸ் மில்னர் என்பவர் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து லிவர்பூலுக்குச் சும்மா போகிறார் என்று பேப்பரில் ஒரு சின்னச் செய்தி. ஸ்டைல் கிடையாது, நட்சத்திரம் கிடையாது, வயது 29. நான் பக்கத்தைத் திருப்பப் போனேன். ஆடிட்டர் தடுத்து, "இவனை விடாதீங்க சார். இவன் ஆட்டுக்கல்லு மாதிரி. மூலையில கெடப்பான், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. அவன் இல்லன்னா இட்லி இல்ல" என்றார்.

மில்னர் லிவர்பூலில் எட்டுப் பருவம் இருந்தார். நடுக்கள ஆட்டக்காரரை ஒரு வருடம் முழுக்க இடதுபக்கத் தடுப்பில் நிறுத்தினார்கள், முணுமுணுக்காமல் நின்றார். 2019இல் சாம்பியன்ஸ் லீக். 2020இல் முப்பது வருடம் காத்திருந்த லீக் கோப்பை.

இந்தப் பதினைந்து வருடத்தில் ஆடிட்டர் நிஜமாகவே முன்கூட்டிச் சொல்லி, கடைசிவரை மாற்றாமல், அப்படியே பலித்தது இது ஒன்றுதான். நிஜமாகவே நான் பக்கத்தில் இருந்தேன். அவருக்குத்தான் அது சுத்தமாக மறந்துவிட்டது. மில்னர் பெயர் வந்தால், "யாரு, ஓடிக்கிட்டே இருப்பானே, அவனா?" என்பதோடு சரி.

நான் இதுவரை ஞாபகப்படுத்தவில்லை. ஒன்று பலித்தது என்று தெரிந்தால் மிச்சம் நாற்பதுக்கும் என்னிடம் கையெழுத்துக் கேட்பார். அவரை எங்காவது பார்த்தால், நங்கநல்லூர்ப் பக்கம் பார்க்க வாய்ப்பு உண்டு, உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார், எதை வேண்டுமானாலும் பேசுங்கள். மில்னர் பேச்சை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள்.