டெக்கில் படம் வரவில்லையா?

கேள்வி: கற்பிட்டி வீட்டில் வீடியோ டெக்கைத் தொலைக்காட்சியோடு இணைப்பது எப்படி?

பதில்: அன்டெனா வயர் முதலில் டெக்குக்கு, அங்கிருந்து இன்னொரு வயர் தொலைக்காட்சிக்கு. கசெட்டை ஓடவிட்டு, வெற்றுச் சேனல் ஒன்றை யூஎச்எஃப் 36ஐ ஒட்டித் தேடினால் படம் விழும். மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இருந்தால் அவையே மேல்: மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. சேனல் தேடும் வேலையே இல்லை. கசெட்டின் வண்ண முறையையும் பார்க்க வேண்டும்: 1982இல் இலங்கையின் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியது ‘பால்’ (PAL) முறையில். அமெரிக்க என்டிஎஸ்சி (NTSC) முறைக் கசெட்டின் படம் ‘பால்’ முறைக்கான பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் உருளும், நிறமும் இராது.

கற்பிட்டி, உடப்புக் கரைகளில் உப்புக்காற்றுதான் பெரிய எதிரி. ஒளிபரப்பு நிகழ்ச்சிகள் மட்டும் மங்கி, கசெட் தெளிவாக ஓடினால் டெக்கில் பழுதில்லை. கூரைமேல் அன்டெனா இணைப்பில் பூத்த பச்சையைச் சுரண்டி, இறுக்கி, நீர் புகாதபடி நாடா சுற்ற வேண்டும்.