நான்காம் ஆளின் இறையாண்மை: மாஜோங் மேசை மரியாதை குறித்த ஓர் ஆய்வு

மாஜோங் ஆட நான்கு பேர் வேண்டும். இவ்வாய்வின் முடிபு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆயினும் ஆய்வேட்டு மரபை மதித்து மேலும் சில பத்திகள் எழுதப்படுகின்றன.

களம், ஹாங்காங் வீடுகளில் வாரந்தோறும் கூடும் குழுக்கள். சதுர மேசை, 144 காய்கள், நான்கு திசைகளின் பெயரில் நான்கு இருக்கைகள். ரம்மியில் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் மிச்சப்பேர் சீட்டைக் கலைத்துப் போட்டுத் தொடரலாம். இங்கே ஒருவர் போனால் மூவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதிலிருந்து பெறப்படும் கருதுகோள்: ஒருவர் செய்யும் குற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் அளவு, அவருக்குப் பதிலாக வரக்கூடியவர்களின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் அமையும்.

விதியை மீறும் குற்றங்கள் நம்மைப் பெரிதாக ஈர்ப்பதில்லை. ஜெயிக்காத கையை ஜெயித்ததாகச் சொல்லிக் காய்களைத் திறந்து காட்டியவர் மற்ற மூவருக்கும் பணம் கட்டுவார்; அத்துடன் சரி. காசில் தீரும் குற்றத்தில் மனத்தாங்கல் மிஞ்சுவதில்லை. ஆய்வுக்குரியவை அபராதமே இல்லாத குற்றங்கள். முன்னவர் காயைப் போடுவதற்குள் மேசையில் சுவராக அடுக்கிய காய்களிலிருந்து அடுத்ததை உருவிவிடும் அவசரக்காரர். ஒரு காயைக் கீழே வைக்க அரை யுகம் எடுப்பவர். ஆட்டம் முடிந்தபின், 'அந்த மூங்கில் காயை ஏன் போட்டீங்க?' என்று பாடம் நடத்துபவர். பிறர் போட்ட காயைத் தன் ஜோடியோடு சேர்த்து மூன்றாக்க 'பொங்' சொல்ல வாய் திறந்து, மனம் மாறி மூடிக்கொள்பவரும் உண்டு. அவர் கையில் அதே காய் ஜோடியாக இருப்பது மேசைக்கே தெரிந்துவிடும். இவரைக் கண்டிக்க வேண்டும் என்று மரபு சொல்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இவரைப் போல வசதியான ஆள் கிடைப்பது அரிது என்பது ஆய்வாளரின் தனிப்பட்ட கருத்து.

கண்டிப்பது எப்படி? 'சீக்கிரம் ஆடுங்க' என்பது வழக்கில் இல்லை. தன் மேல் பழியைப் போட்டுக்கொள்வது ஒரு முறை: 'எனக்குக் கண் கொஞ்சம் மங்கல், எல்லாரும் போட்டபிறகே எடுப்போமா?' அவசரக்காரர் உடனே இணங்குவார், வயதானவருக்கு உதவிய திருப்தியோடு. வராதவர் மேல் சாற்றுவது இன்னொன்று: 'போன மாசம் ஒருத்தர் வந்தாரே, என்ன மெதுவா ஆடினார்!' இம்முறையில் ஒரு குறை உண்டு. மேசையிலேயே மெதுவாக ஆடுபவர்தான் அதை முதலில் ஆமோதிப்பார், விரிவாக, தன் முறை வந்ததையும் மறந்து.

ஜப்பானியர் இதை வேறு விதமாகத் தீர்த்தார்கள். கையிலிருப்பதைப் பற்றிப் பொய்யாகப் புலம்பி எதிராளியைத் திசைதிருப்புவதற்கு அங்கே 'சாமிசென் வாசிப்பது' என்று பெயர். சாமிசென் மூன்று தந்தி வாத்தியம். ஆடும் கூடங்கள் பலவற்றில் இத்தகைய குற்றங்களைப் பட்டியலிட்டே வைத்துவிடுகிறார்கள். குற்றம் சாட்டுவது அறிவிப்புத் தாள். யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை.

கருதுகோளைச் சோதிக்க இரண்டு இடங்கள் உள்ளன. ஒசாகா பக்கத்தில் 108 காய்களோடு மூன்று பேரே ஆடும் வகை பிரபலம். நான்காம் ஆளின் இறையாண்மை அங்கே செல்லாது என்பதால் அவ்வூரில் பேச்சு நேரடியாக இருக்க வேண்டும். அப்படித்தான் என்று ஜப்பானில் பொதுவாகச் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் மாஜோங் என்று இதுவரை யாரும் துணிந்ததில்லை.

மற்றது அமெரிக்கா. 1937-இல் நியூயார்க்கில் தோன்றிய தேசிய மாஜோங் லீகின் முறைப்படி ஆடும் குழுக்களில் ஐந்தாவதாக ஒருவரும் இருக்கலாம். ஆடாத அவர் மேசையைச் சுற்றி வந்து நால்வர் கையையும் பார்த்து, ஜெயிக்கப்போவது யார் என்று துண்டுச்சீட்டில் எழுதிப் பந்தயம் கட்டுவார். முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் உடனே, நால்வரும் சேர்ந்து, ஒளிவுமறைவின்றிக் கண்டிக்கிறார்கள், ஐந்தாவது ஆள்தானே. அடுத்த ஆட்டத்தில் அவர் நாற்காலிக்கு வந்ததும், கண்டித்தவர்களே தின்பண்டத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைக்கிறார்கள்.